நடுவானில் எஞ்சின் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் சட்டென்று எல்லாம் நிசப்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், இரைச்சலும் இருக்கும், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள்ளும் பூஜ்யத்துக்குப் போகாது. அதனால்தான் முதல் சில விநாடிகள் "ஒன்றும் ஆகவில்லை, இதோ சரியாகிவிடும்" என்று மனசு நம்மைத் தாலாட்டுகிறது. அந்தத் தாலாட்டில்தான் உயரம் கரையும்.

கீழே இருப்பது ஓட்டுபவர்களுக்கும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும். உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதே சரி, இதை மறந்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன்

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி, கிளைடு வேகத்தை (எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகும் வேகம்) பிடித்து, ட்ரிம் செய்வது, அதாவது கை பிடிக்காமலே விமானம் அந்த வேகத்தில் நிற்கும்படி சரிசெய்வது. செஸ்னா 172-இன் 'N' ரகத்துக்கு அது 65 நாட் (மணிக்கு 65 கடல்மைல்), 'S' ரகத்துக்கு 68, பைப்பர் வாரியர் 2-க்கு 73. அந்த வேகத்தில் 172 ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். காற்றில்லாத நாளில் ஆயிரம் அடி உயரத்தைக் கொடுத்து ஒன்றரை கடல்மைல் வாங்கலாம். நிமிடத்துக்கு 700, 800 அடி இறங்கும் என்பதால் 3000 அடியில் இருந்தால் கையில் சுமார் நான்கு நிமிடம். ஆயிரம் அடியில் இருந்தால் ஒன்றேகால் நிமிடம் சொச்சம். மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் இன்னும் தூரம் போகலாமே என்று கை துறுதுறுக்கும். விடாதீர்கள். தூரமும் குறையும், ஸ்டாலும் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) நெருங்கும்.

அடுத்தது இறங்கும் இடம். எஞ்சின் திரும்பி வரும் என்று நூற்றுக்கு நூறு தோன்றினாலும் முதலில் ஒரு வயலைக் குறித்துக்கொண்டு, அதன் பக்கம் திருப்பிய பிறகே எஞ்சினைப் பாருங்கள். நான் பயிற்சி கொடுக்கும்போது த்ராட்டிலை (எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுத்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி "என்ன கோளாறு?" அல்ல, "எந்த வயல்?" என்பதுதான். குனிந்து சுவிட்சுகளைத் துழாவிக்கொண்டே வந்து, நிமிரும்போது கீழே வெறும் மரங்கள் மட்டும் மிஞ்சினால், கண்டுபிடித்த கோளாறால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவதாக, கடைசியாக என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். டேங்கை மாற்றிய பத்தாவது விநாடியில் எஞ்சின் இருமினால் பழைய டேங்குக்கே திருப்புங்கள். மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றும் பிடி) இழுத்ததும் தடுமாறினால் உள்ளே தள்ளுங்கள். கோளாறு வந்த கணத்துக்குச் சற்று முன் உங்கள் கை எங்கே இருந்ததோ, பெரும்பாலும் விடையும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: யாரும் தொடாமலே ஆர்.பி.எம். மெல்ல மெல்ல இறங்குகிறது

கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் இப்படி நடந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் பனிக்கட்டியைச் சந்தேகியுங்கள். வெளியே வெயில் அடிக்கிறதே, பனியா என்று சிரிக்க வேண்டாம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் 20, 30 டிகிரி செல்சியஸ் வரை விழும். வெளியே 25 டிகிரி என்றால் உள்ளே உறைநிலைக்குக் கீழே. காற்றில் ஈரமும் இருந்தால் த்ராட்டில் தட்டைச் சுற்றிப் பனி கட்டத் தொடங்கும். 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும் நாள்தான் மிக மோசம். ஆனால் அதற்கு வெளியே வராது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது தட்டு பாதி மூடியிருப்பதால் ஆபத்து இன்னும் கூடும்.

இது திருட்டுத்தனமாக வரும். அலகின் கோணம் மாறாத ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் 2400-இல் வைத்த முள் 2350 ஆகும். விமானி ஏதோ நகர்ந்துவிட்டது என்று நினைத்து த்ராட்டிலைச் சற்றுத் தள்ளுவார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தள்ளுவார். மூன்றாவது முறை தள்ளும்போது தள்ளுவதற்கு இடம் இருக்காது. அலகின் கோணம் தானே மாறிச் சுழற்சியைச் சீராக வைக்கும் ப்ரொப்பெல்லர் என்றால் ஆர்.பி.எம். அசையாது, மேனிஃபோல்டு பிரஷர்தான் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) இறங்கும். ஆர்.பி.எம். மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார்.

கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை, முழுசாக இழுங்கள். பாதி இழுப்பது சில சமயம் இழுக்காததைவிடக் கெடுதல். அப்புறம் நடப்பதைத்தான் நன்றாக மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் விழும், சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால். உருகிய நீர் சிலிண்டருக்குள் போகும்போது எஞ்சின் இருமும், குலுங்கும், உயிர் போகிறாற்போலச் செருமும். பதறிப்போய்க் குமிழைத் திருப்பித் தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். அந்தச் செருமல்தான் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சில விநாடியோ அரை நிமிடமோ அதற்கு மேலோ பொறுத்தால் முள் விழுந்த இடத்தில் இருந்து தானாக ஏறத் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சூடு வருவதே புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையில் இருந்துதான். எஞ்சின் நின்றுவிட்டால் குழாய் ஆறிவிடும், குமிழை இழுத்தாலும் குளிர்ந்த காற்றுதான் வரும். ஆகவே இந்த வைத்தியத்தைச் செய்ய வேண்டியது சந்தேகம் வந்த உடனே. "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்பதற்கு இடமில்லை.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இந்தக் கார்புரேட்டர் தொல்லை இல்லை. அங்கே காற்று வடிகட்டி அடைபட்டால் இதே மாதிரி பலம் குறையும். மாற்றுக் காற்று வழியைத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: இருமல், விக்கல், பிறகு ஒரேயடியாக நிற்கிறது

எஞ்சினுக்கு எரிபொருள் போய்ச் சேரவில்லை. டேங்கில் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு டேங்கு நிறைய பெட்ரோலை வைத்துக்கொண்டே வயலில் இறங்கியவர்கள் நிறையப் பேர்.

செலக்டரை (எந்த டேங்கு என்று தேர்ந்தெடுக்கும் திருகு) கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, வேறு டேங்குக்கு மாற்றுங்கள். செஸ்னா 172-இல் இரண்டு டேங்கையும் சேர்த்துத் திறக்கும் "போத்" நிலை உண்டு, அதில் வையுங்கள். தாழ்ந்த இறக்கை பைப்பர்களில் அது கிடையாது. இடது அல்லது வலது, அவ்வளவுதான். மாற்றும்போது அவசரத்தில் ஆஃப் பக்கம் போய்விடாமல் பாருங்கள். பூஸ்ட் பம்ப் இருந்தால் போடுங்கள், மிக்ஸ்சரை முழுதாக உள்ளே தள்ளுங்கள். பழைய விமானமாக இருந்தால் பிரைமர் (எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோல் செலுத்தும் கைப்பம்ப்) பூட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இதற்கப்புறம் பொறுமை வேண்டும். வறண்ட குழாய் நிறைந்து எஞ்சின் மறுபடி பிடிக்கப் பத்து விநாடி வரை ஆகலாம். பத்து விநாடி என்பது நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் ஒன்றுமில்லை; காக்பிட்டில் அது ஒரு யுகம். மூன்றாவது விநாடியிலேயே "இந்த டேங்கிலும் இல்லை போல" என்று மறுபடி செலக்டரைத் திருப்பினால், வந்துகொண்டிருந்த பெட்ரோலையும் நீங்களே வழியில் நிறுத்திவிட்டதாக ஆகும். மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது கண் வெளியே வயல் மேல் இருக்கட்டும்.

தண்ணீர் கலந்திருந்தால் பெரும்பாலும் புறப்பட்டுச் சற்று நேரத்தில் தெரியும். பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் டேங்கின் அடியில் தேங்கி, மூக்கு உயர்ந்ததும் உருண்டு வரும். அதற்கான வைத்தியம் தரையிலேயே உண்டு: காலையில் வடிகால் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது. 100எல்எல் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். குப்பி முழுக்க நிறமே இல்லாமல் இருந்தால் "சுத்தமாக இருக்கிறது" என்று மகிழாதீர்கள். நீங்கள் பிடித்தது முழுக்கத் தண்ணீராகவோ, ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம்.

முள் தாராளமாகக் காட்டியும், டேங்கை மாற்றியும் பெட்ரோல் வரவில்லையா? டேங்குக்குள் காற்று போகும் துளை பூச்சிக்கூட்டால் அடைபட்டிருக்கலாம். அதை மேலே இருந்து சரிசெய்ய முடியாது.

அறிகுறி: பலம் கொஞ்சம்தான் குறைந்தது, ஆனால் உலுக்கி எடுக்கிறது

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் ப்ளக்; எஞ்சினுக்கு மொத்தம் இரண்டு மேக்னெட்டோ (ப்ளக்குகளுக்குப் பொறி தரும் கருவி). ஒன்று கெட்டால் மற்றது ஓட்டும், கொஞ்சம் முனகிக்கொண்டு. ஒன்று நேரம் தவறிப் பொறி விட ஆரம்பித்தால்தான் இரண்டும் மல்லுக்கட்டி எஞ்சினை உலுக்கும்.

சாவியைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் நிதானமாக. பல சிறு விமானங்களில் வரிசை ஆஃப், வலது, இடது, போத், ஸ்டார்ட். போத்தில் இருந்து ஒரு சொடுக்கு பின்னால் இடது, இரண்டாவது சொடுக்கு வலது, மூன்றாவது ஆஃப். கை நடுங்கும் வேளையில் இந்த மூன்றாவது சொடுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. த்ராட்டிலை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒரு சொடுக்கு, காது கொடுத்துக் கேட்பது, மறுபடி போத். பிறகு இரண்டு சொடுக்கு. எதில் சீராக ஓடுகிறதோ அதிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து ஓடுபாதைக்குப் போங்கள். இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாமே என்ற ஆசை வேண்டாம். உயரம் குறைவாக இருந்தாலோ, எஞ்சின் எப்படியோ இழுத்துக்கொண்டு ஓடினாலோ இந்தச் சோதனையே வேண்டாம்.

இரண்டிலும் ஒரே மாதிரி குலுங்கினால் மேக்னெட்டோ அல்ல. உயரத்தில் மெலிதாக வைத்த மிக்ஸ்சரை இறங்கும்போது மாற்ற மறந்தீர்களா? ப்ளக்கில் ஈயப் படிவு என்றால் மிக்ஸ்சரை மெலிதாக்கிச் சில நிமிடம் ஓட்டினால் எரிந்து போகும். தாள லயத்தோடு "டக், டக்" என்று அடித்தால் ஒரு சிலிண்டரில் வால்வு சிக்கியிருக்கலாம். குலுக்கல் மிகக் குறைவாக இருக்கும் ஆர்.பி.எம்.-ஐக் கண்டுபிடித்து அங்கேயே வைத்துவிட்டு, அதற்குமேல் த்ராட்டிலோடு விளையாடாமல் இறங்கப் பாருங்கள்.

குலுக்கல் என்றால் கருவிப்பலகையே படிக்க முடியாத அளவுக்கு என்றால் கதை வேறு. ப்ரொப்பெல்லரின் ஒரு துண்டு போயிருக்கலாம். உடனே த்ராட்டிலை இழுத்து, மிக்ஸ்சரை வெட்டி, தேவைப்பட்டால் வேகத்தைக் குறைத்துச் சுழற்சியை நிறுத்துங்கள். எஞ்சின் தன் தாங்கியில் இருந்து பிய்த்துக்கொள்வதைவிட நின்றுபோன எஞ்சின் ஆயிரம் மடங்கு மேல்.

அறிகுறி: ஆயில் பிரஷர் முள் கீழே விழுந்துவிட்டது

பக்கத்தில் இருக்கும் ஆயில் வெப்ப முள்ளைப் பாருங்கள். பிரஷர் இறங்கி, வெப்பம் ஏறினால் முள் உண்மையைச் சொல்கிறது. எஞ்சினுக்கு மிச்சம் இருப்பது சில நிமிடங்கள். த்ராட்டிலைக் குறைத்து, இறங்கும் இடத்தைப் பிடியுங்கள், எஞ்சின் இருக்கும்போதே. பிரஷர் இல்லை, வெப்பம் அப்படியே இருக்கிறது என்றால் கருவியே பழுதாகியிருக்கலாம். அப்போதும் பக்கத்து ஓடுபாதைதான், ஆனால் வயலில் குதிக்க வேண்டிய அவசரம் இல்லை. வழி நெடுக வயல்களைக் கண்ணில் வைத்துக்கொண்டு போனால் போதும்.

கண்ணாடியில் ஆயில் தெறித்தால் முள்ளைப் பார்க்கவே வேண்டாம்.

அறிகுறி: த்ராட்டிலை அசைத்தாலும் எஞ்சின் கேட்கவில்லை

கேபிள் அறுந்திருக்கும். எஞ்சின் எந்த நிலையில் மாட்டிக்கொண்டதோ அதிலேயே ஓடும். நல்ல பலத்தில் மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம்: நீளமான ஓடுபாதைக்கு மேலே வந்து, கிளைடில் இறங்கிவிட முடியும் என்று உறுதியானதும் மிக்ஸ்சரை வெட்டி இறங்குங்கள்.

அறிகுறி: புகை, தீ, எரியும் வாடை

எஞ்சின் பக்கம் தீ என்றால் மிக்ஸ்சர் வெட்டு, செலக்டர் ஆஃப், மாஸ்டர் (மின்சாரத்தின் தலைமைச் சுவிட்ச்) ஆஃப், கேபின் ஹீட் ஆஃப். வேகத்தைக் கூட்டுங்கள், 172-க்குக் கையேடு சொல்வது 100 நாட். தீ அணைந்த பின் எஞ்சினை மறுபடி கிளப்ப முயலாதீர்கள். பிளாஸ்டிக் கருகும் வாடையும், சீராக ஓடும் எஞ்சினும் என்றால் அது மின்சாரத் தீ. மாஸ்டரை அணைத்தாலும் மேக்னெட்டோவால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: புறப்பட்ட சில நூறு அடியில் பலம் போகிறது

மேலே சொன்ன எதற்கும் இங்கே நேரமில்லை. ஏறும் விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வேகம் சரசரவென்று கரையும். திகைப்பில் மட்டும் மூன்று, நான்கு விநாடி போய்விடும். மூக்கைத் தைரியமாகக் கீழே தள்ளுங்கள். தரை கண்ணாடி முழுக்கத் தெரியும், பரவாயில்லை. நேர் எதிரே, இரு பக்கமும் 30 டிகிரிக்குள் எது திறந்தவெளியோ அதுதான் உங்கள் ஓடுபாதை.

திரும்பிப் போகலாமே என்று தோன்றும். திரும்ப வேண்டியது 180 டிகிரி அல்ல. ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வர ஒரு பக்கம் 225, எதிர்ப்பக்கம் 45 என்று மொத்தம் 270 டிகிரி. 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். போதாக்குறைக்கு, புறப்பட்டபோது முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில். நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று சான்டா மோனிகாவில் 1942-ஆம் ஆண்டு ரையன் விமானத்தில் ஏறியபோது, கார்புரேட்டரின் முக்கிய ஜெட் தன் இடத்தில் இருந்து கழன்று, பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து எஞ்சின் பலம் இழந்தது. அவர் இருந்தது 1100 அடி. அவ்வளவு உயரத்தில் இருந்தும் ஓடுபாதைக்குத் திரும்ப முடியாது என்று கண்டு கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். காயம் பலமானது, ஆனால் பிழைத்தார்.

முழுசாக நின்ற எஞ்சினைவிட எனக்கு அதிகம் பயம் தருவது அரை உயிரோடு இழுத்துக்கொண்டிருக்கும் எஞ்சின்தான். இது என் மனப்பிராந்தி அல்ல. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை அந்த நாட்டுக் கணக்கை எடுத்தது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் புறப்பட்ட பின் பலம் பாதி போன சம்பவங்கள் 242. அவற்றில் 9 உயிர்ப்பலி விபத்துகள். எஞ்சின் முழுதாக நின்றவை 75. அதில் உயிர்ப்பலி ஒன்றுகூட இல்லை. நின்றுவிட்டால் முடிவு எடுக்கும் வேலையே இல்லை, வயல்தான். பாதி இருந்தால் ஆசை வருகிறது: வட்டம் அடித்துத் திரும்பிவிடலாம், இந்த மரங்களைத் தாண்டிவிடலாம். அந்த ஆசையில் மூக்கு மெல்ல மெல்ல உயரும், வேகம் குறையும். மீதிப் பலமும் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று வைத்துக்கொண்டு, நல்ல வயலை எட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எதுவும் பலிக்கவில்லை: இறங்கத்தான் வேண்டும்

நான் எனக்கு வைத்திருக்கும் கோடு தரைக்கு மேல் 1000 அடி. அதற்குக் கீழே எஞ்சினை மறந்துவிடுவேன்.

பேசுவதற்கு நேரம் இருந்தால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில், இல்லாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5-இல், மூன்று முறை மேடே (ஆபத்து அழைப்பு), எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று, எத்தனை பேர். ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் கருவி) அவசரக் குறியீடான 7700. நேரம் இல்லையென்றால் இதெல்லாம் போகட்டும்.

வயலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை, நீளம், எதிரே உள்ள தடை. மின்கம்பி மேலே இருந்து தெரியவே தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி இருக்கிறது. உழுத நிலமென்றால் சாலோடு இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். நீங்கள் போய்ச் சேரப்போகும் புள்ளி கண்ணாடியில் அசையாமல் நிற்கும். வயல் அந்தப் புள்ளிக்கு மேலே நழுவினால் எட்டாது, கீழே நழுவினால் தாண்டிவிடுவீர்கள்.

கடைசியில் மிக்ஸ்சர், செலக்டர், சாவி எல்லாம் ஆஃப். மாஸ்டரை மட்டும் அவசரப்பட்டு அணைக்காதீர்கள்: 172-இல் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) மின்சாரத்தில் ஓடுவது, அணைத்துவிட்டால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். முழு ஃபிளாப் இறங்கிய பிறகு மாஸ்டர். பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். தரை தொடும் முன் கதவின் தாழை எடுத்துவிடுங்கள், மோதலில் சட்டம் நெளிந்தால் கதவு திறக்காது.

எவ்வளவு மெதுவாகத் தொடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, ஆனால் ஸ்டால் ஆகாமல். 85 நாட் வேகத்தில் மோதுவது 60 நாட் வேகத்தில் மோதுவதைவிட இரண்டு மடங்கு ஆபத்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் 9 ஜி விசையோடு (உடல் எடையைப் போல் ஒன்பது மடங்கு) நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரமே போதும். 160-இல் அதே விசைக்குப் பதினொன்றரை மீட்டர் வேண்டும். வயலின் கடைசியில் வேலியைத் தடவி நிற்பது, முதல் வேலியைப் பறந்துகொண்டே இடிப்பதைவிட எத்தனையோ மேல். இறக்கை போனால் போகட்டும். விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுங்கள்.

நின்ற பின்

எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வையுங்கள். அவசர ஒலிபரப்பி தானாக இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வகை 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். பழைய 121.5 ஒலிபரப்பியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கேட்பதை நிறுத்திவிட்டன, அதனால் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.

கால் மணி நேரம் கழித்து, நடுக்கம் குறைந்ததும், சாவியைத் திருப்பிப் பார்க்க ஆசை வரும். பனிக்கட்டியால் நின்ற எஞ்சின் என்றால் முதல் சுற்றிலேயே கிளம்பி, கேலி செய்வது போல் சீராக ஓடும். பனி உருகி ஓடிவிட்டது, தடயமே இருக்காது. அதை நம்பி அந்த வயலில் இருந்தே பறந்து போகலாம் என்று கிளம்பாதீர்கள். அதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள்: செலக்டர் எந்த நிலையில் இருக்கிறது, சாவி, மிக்ஸ்சர், கார்ப் ஹீட் குமிழ் எங்கே நிற்கின்றன என்று தொலைபேசியில் படம் எடுங்கள். இறங்கும் முன் எவற்றை நீங்களே ஆஃப் செய்தீர்கள், அதற்கு முன் அவை எங்கே இருந்தன என்று உடனே எழுதி வையுங்கள். வெளியே வெப்பம் எவ்வளவு, மேகம் எப்படி, கடைசியாக எப்போது டேங்கு மாற்றினீர்கள் என்பதையும். மெக்கானிக் வந்து கவ்லிங்கை (எஞ்சின் மூடியை) திறக்கும்போது அவர் கேட்கப்போவதும் இதைத்தான்.